ஆர்னிகா: ஜெல், உருண்டை, தலை எண்ணெய் மூன்றும் ஒன்றா?

9 ஜூன் 2024 – கேள்வி (திருப்பூர் வாசகர்)

கீழே விழுந்து முட்டி வீங்கினால் எங்கள் வீட்டில் "ஆர்னிகா 30" என்ற ஹோமியோபதி உருண்டைதான். அம்மாவுக்கு முடி கொட்டுகிறது என்று ஆர்னிகா தலை எண்ணெயும் வாங்கி வைத்திருக்கிறோம். இப்போது ஜெர்மனியிலிருந்து வந்த உறவினர், மூட்டு வலிக்கு நல்லது என்று ஆர்னிகா ஜெல் ஒரு டியூப் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்றும் ஒரே மூலிகைதானே அக்கா? இயற்கை மருந்து, பக்க விளைவு கிடையாது என்கிறார்கள். மூன்றையும் சேர்த்தே பயன்படுத்தலாமா?

9 ஜூன், இரவு

பெயர்தான் ஒன்று. டியூபில் செடியின் சாறு உண்மையாகவே இருக்கிறது. "ஆர்னிகா 30" உருண்டையில் சர்க்கரை இருக்கிறது. தலை எண்ணெயில் என்ன, எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்க விளைவு கிடையாது என்ற பேச்சு உருண்டைக்கு மட்டும் பொருந்தும், அதற்கான காரணத்தை யோசித்துக்கொள்ளுங்கள். டியூபுக்குப் பொருந்தாது.

நான் பி.ஃபார்ம் படித்தவள். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் ஒரு மருந்துக் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறேன். ஆர்னிகா கேட்டு ஆள் வராத நாள் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

10 ஜூன்

முதலில் செடி. ஆர்னிகா மொன்டானா. சூரியகாந்தி, சாமந்தி, துலுக்கச் சாமந்தி எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்தில் ஒன்று. ஒரு முழம் உயரம் இருக்கும். அடியில் நாலைந்து இலை தரையோடு ஒட்டிக் கிடக்கும், நடுவில் ரோமம் படர்ந்த ஒரு தண்டு, உச்சியில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த பூ. அழகான பூ என்று சொல்ல மாட்டேன். இதழ்கள் ஒன்று இப்படி, ஒன்று அப்படி, தூக்கத்தில் எழுந்த தலைமுடி போல் கலைந்திருக்கும். கசக்கினால் ஒரு காரமான மணம்.

இங்கே கருங்காட்டு மலைகளில் ஃபெல்ட்பெர்க் பக்கம் ஜூன் கடைசியில் பார்க்கலாம். ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிரான்சின் வோஜ் மலைமுகட்டில் இன்னும் அதிகம். ஸ்பெயினிலிருந்து ஸ்காண்டிநேவியா வரை, கிழக்கே கார்பேத்திய மலைகள் வரை உண்டு. பிரிட்டனில் இயற்கையாக வளர்வதில்லை. சுண்ணாம்பு மண் இதற்கு ஆகாது. உரம் போட்ட மண்ணும் ஆகாது. அமிலத்தன்மையுள்ள, சத்தில்லாத மலைப்புல்வெளிதான் வேண்டும். வேறு பயிருக்கு லாயக்கில்லை என்று விட்ட நிலம்தான் இதற்குச் சொந்த வீடு.

10 ஜூன், மாலை

ஊட்டியில் எடுத்த மஞ்சள் பூப் படத்தைப் போட்டு "இதோ ஆர்னிகா" என்று எழுதிய நண்பருக்கு: இல்லை. உங்கள் படத்தில் தண்டு இலைகள் மாற்றி மாற்றி வருகின்றன. ஆர்னிகாவில் தண்டிலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். இந்தக் குடும்பத்து மஞ்சள் பூச்செடிகளை ஐரோப்பிய மலையில் பிரித்தறிய இதுதான் சுலபமான வழி. நீலகிரியில் இது காட்டுச் செடியாக வளர்வதே இல்லை. படத்தில் இருப்பதைப் பறித்து எண்ணெயில் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

13 ஜூன்

பாரம்பரியப் பயன்பாடு என்னென்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்த பகுதி.

ஆல்ப்ஸ் கிராம வீடுகளில் வழக்கமாக இருந்தது சாராயப் புட்டிதான். பூவைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, பழச் சாராயத்தை ஊற்றி, சன்னலோரம் வெயிலில் வைப்பார்கள். சில வாரத்தில் நிறம் பழுப்பாக இறங்கும். வடிகட்டி, தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, சுளுக்கு, அடி, ரத்தக்கட்டு, முதுகுப் பிடிப்பு எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள். மாட்டுக்கும் அதேதான், மனிதனுக்கும் அதேதான். எங்கள் கீழ்வீட்டுப் பாட்டியிடம் அப்படி ஒரு புட்டி உண்டு. நான் மாடிப்படியில் கால் பிசகி நொண்டிக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே துணியை நனைத்துக்கொண்டு வந்து கட்டிவிட்டார். வீக்கம் வடிந்தது. கட்டாமல் விட்டிருந்தாலும் வடிந்திருக்கும் என்பது என் படிப்பு சொல்வது. அதைப் பாட்டியிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

கோடையின் நடுநாளில், புனித யோவான் திருநாளையொட்டி, வயலின் நாலு மூலையிலும் ஆர்னிகாவை நட்டு வைக்கும் வழக்கம் ஜெர்மன் நாட்டுப்புறத்தில் இருந்தது. தானியத்தைக் கெடுக்கும் பில்விஸ் என்ற பேய் உள்ளே வராதாம். நம் ஊரில் காப்புக்கட்டு அன்று வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்து வயலிலும் வாசலிலும் செருகுகிறோம். அவர்களுக்கு அதற்கு இந்தப் பூ.

காய்ந்த இலையைப் புகையிலைக்குப் பதில் குழாயில் வைத்துப் புகைத்தார்கள். பூவைப் பொடித்து மூக்குப்பொடி போல் உறிஞ்சித் தும்மினார்கள். பாதிரியார் செபாஸ்தியன் க்னைப் (1821–1897) தண்ணீர் வைத்தியத்துக்குப் பேர் போனவர். அவர் காயங்களுக்கு ஆர்னிகாச் சாராயத்தை வாய் நிறையப் புகழ்ந்தார். இன்று எந்த ஆர்னிகா டியூபை எடுத்தாலும் "திறந்த காயத்தில் தடவக் கூடாது" என்றுதான் போட்டிருக்கும். பாரம்பரியம் என்று சொன்னாலே பாதுகாப்பு என்று பொருள் கொள்ளும் அன்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

12ஆம் நூற்றாண்டுத் துறவி ஹில்டகார்டே இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பல இணையப் பக்கங்கள் அடித்துச் சொல்கின்றன. அவர் எழுதியது இந்தச் செடியைத்தானா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அதனால் அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

13 ஜூன், இன்னொன்று

விட்டுப் போனது. உள்ளுக்கும் குடித்திருக்கிறார்கள். 1823இல் ஜெர்மன் கவிஞர் கோத்தே நெஞ்சு நோயில் படுத்தபோது அவருக்கு ஆர்னிகாக் கஷாயம் கொடுக்கப்பட்டது. பிழைத்து எழுந்தார், பூவுக்கும் புகழ் கூடிற்று. ஆனால் இன்று ஜெர்மனியில் ஆர்னிகாவைக் குடிக்கச் சொல்லும் மருந்தாளர் யாரும் கிடையாது. அளவு கொஞ்சம் கூடினாலும் வாந்தி, வயிற்றுப்போக்கு, இதயத் துடிப்பில் கோளாறு. ஜெர்மன் அரசின் மூலிகைக் குழு 1984இல் ஒப்புதல் கொடுத்தபோதே வெளிப்பூச்சுக்கு மட்டும்தான் கொடுத்தது.

16 ஜூன்

"சாராயம்தான் வேலை செய்தது, பூ சும்மா" என்று ஒருவர். நல்ல சந்தேகம். ஆனால் பூவிலும் சரக்கு உண்டு.

ஹெலினாலின் என்றொரு பொருள், அதன் தம்பி டைஹைட்ரோ ஹெலினாலின், இவற்றின் எஸ்டர்கள் எனும் வேதிச் சேர்மங்கள். காய்ந்த பூவில் இவை மொத்தம் 0.40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்துத் தரநூலின் விதி. உடம்பில் அழற்சியைக் கிளப்பிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் இருக்கிறது. அதில் கந்தகம் உள்ள ஓர் இடத்தில் (கந்தகப் பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஹெலினாலின் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. இது சோதனைக்குழாயில் தெளிவாகக் காட்டப்பட்டது.

மனிதரில்? சுவிட்சர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு எனக்குப் பிடிக்கும். கைவிரல் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேர், 21 நாள், பாதிப் பேருக்கு ஆர்னிகா ஜெல், பாதிப் பேருக்கு 5 சதவீத ஐபுபுரோஃபென் ஜெல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. வலியிலும் கை வேலையிலும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2013இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது.

இதைக் கேட்டதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஐபுபுரோஃபென் ஜெல்லே ஓரளவுக்குத்தான் கேட்கும். அதோடு அந்த ஆய்வில் வெறும் ஜெல் தடவிய மூன்றாவது குழு இல்லை. இரண்டும் சமம் என்று தெரிகிறது, இரண்டும் எவ்வளவு என்று அதில் தெரியவில்லை. ரத்தக்கட்டு விஷயத்தில் ஆய்வு முடிவுகள் இன்னும் கலங்கலாக இருக்கின்றன. கவுன்ட்டரில் நான் சொல்வது: விரல் மூட்டுக்கும் முட்டிக்கும் தடவிப் பாருங்கள், நாலு நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் டாக்டரிடம் போங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம்.

18 ஜூன்

இந்த இழையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பார்த்தீனியம் தெரியும்தானே? ரோட்டோரம், புறம்போக்கு, கரும்புக்காடு, எங்கும் வெள்ளைப்பூ பூத்து நிற்கும் அந்தப் பாழாய்ப்போன செடி. 1950களில் இந்தியாவில் தலைகாட்டி நாடு முழுக்கப் பரவியது. அதன் தூசி பட்டு இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்து, கறுத்து, அரித்துக்கொண்டு அலைகிற விவசாயிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். சேலம் பக்கம் தோட்டத்தில் களை எடுத்தே வந்தது.

பார்த்தீனியமும் ஆர்னிகாவும் ஒரே குடும்பம். அரிப்பைக் கிளப்பும் பார்த்தீனின், ஆர்னிகாவின் ஹெலினாலின் இரண்டும் ஒரே வகை மூலக்கூறு. ஒட்டிக்கொள்ளும் கொக்கி இரண்டிலும் ஒன்றேதான். போன குறிப்பில் சொன்ன அந்தக் கந்தகப் பிடியில் மாட்டும் கொக்கிதான் தோலின் புரதத்திலும் மாட்டி ஒவ்வாமையை உண்டாக்குகிறது. வேலை செய்யும் முனையும் வம்பு செய்யும் முனையும் ஒன்று. கொக்கியை எடுத்துவிட்டால் அரிப்பு போகும், கூடவே மருந்தும் போகும்.

ஐரோப்பாவில் இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு ஒவ்வாமை பார்க்க முதுகில் ஒட்டும் பரிசோதனைக் கலவை ஒன்று உண்டு. அதில் ஆர்னிகாவும் ஒரு சரக்கு. அதாவது தோல் மருத்துவர்கள் இதை மருந்தாகப் பார்ப்பதற்கு முன் சந்தேகக் கேஸாகப் பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. "நீ விற்கிற அந்தப் பூ மருந்தைக் கொண்டு வா" என்று ஒவ்வொரு முறை ஊருக்குக் கிளம்பும்போதும் போனில் கேட்பார். நான் கொண்டு போவதில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் டியூப் டியூபாக எடுத்துப் போகிறவள் பெற்ற தாய்க்குக் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று அத்தைகள் மத்தியில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. இருக்கட்டும்.

ஜெர்மன்காரருக்கு எழுதின எச்சரிக்கைத் தாளில் கமோமில், சாமந்தி என்று போட்டிருக்கும். பார்த்தீனியம் என்று போட்டிருக்காது. அவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. நமக்கு அதுதான் முதல் கேள்வி. உங்களுக்கோ அம்மாவுக்கோ பார்த்தீனியம் பட்டால் தடிக்குமா? சாமந்தி மாலை கட்டும்போது விரல் அரிக்குமா? ஆம் என்றால் அந்த டியூபைத் திறக்கவே வேண்டாம்.

18 ஜூன், சற்று நேரம் கழித்து

முழுமைக்காக: எல்லா ஆர்னிகாவும் ஒரே வீரியம் இல்லை. ஸ்பெயின் ஆர்னிகாவில் டைஹைட்ரோ ஹெலினாலின் வகைதான் அதிகம், அது ஒவ்வாமையைக் குறைவாகக் கிளப்பும். மத்திய ஐரோப்பிய மலைப் பூவில் ஹெலினாலின் அதிகம். டியூபில் எந்த ஊர்ப் பூ என்று பெரும்பாலும் போட்டிருக்காது என்பதால் இந்தத் தகவலை வைத்துக்கொண்டு அம்மாவுக்குத் தடவிவிட முடியாது.

22 ஜூன்

சரி, உருண்டை. இதைத் தொட்டால் சண்டை வரும் என்று தெரிந்தேதான் தள்ளிப்போட்டேன்.

ஆர்னிகாவை ஹோமியோபதியில் நுழைத்தவர் அதை உருவாக்கிய ஹானிமனேதான். 30 என்றால் நூறில் ஒரு பங்காகக் கரைப்பதை முப்பது முறை செய்திருக்கிறார்கள் என்று பொருள். ஒன்றுக்குப் பின்னால் அறுபது சுழி போட்டுக்கொள்ளுங்கள், அத்தனை பங்கில் ஒரு பங்கு. பன்னிரண்டாவது கரைப்பைத் தாண்டும்போதே மூலச்செடியின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சும் வாய்ப்பு ஏறக்குறையப் போய்விடுகிறது. இது பள்ளிக்கூட அவகாட்ரோ கணக்கு, கட்சிக் கணக்கு இல்லை. ஹோமியோபதி ஆர்னிகா மீதான சோதனைகளை எர்ன்ஸ்ட், பிட்லர் இருவரும் 1998இல் தொகுத்துப் பார்த்தார்கள். வெற்று மருந்தைவிட மேலாக எதுவும் தெரியவில்லை என்பது அவர்கள் முடிவு.

"என் பையன் அழுகையை நிறுத்திவிட்டானே" என்கிறார் ஒரு தாய். நம்புகிறேன். விழுந்த குழந்தையை மடியில் தூக்கி வைத்து, வாயில் இனிப்பாக ஏதாவது போட்டால் எந்தக் குழந்தையும் நிறுத்தும். முட்டி வீக்கத்துக்கு அதைக் கொடுத்தால் எனக்கு வருத்தமில்லை. தலையில் அடிபட்டு வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு உருண்டை கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று இருப்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். தலையடி, வாந்தி, தூக்கம் மாதிரி மயக்கம் என்றால் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

23 ஜூன்

நேற்று எழுதியதைப் பார்த்து "அப்போ ஹோமியோ ஆர்னிகா எல்லாம் சர்க்கரைதான், எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் ஆகாது" என்று ஒரு தம்பி முடிவு கட்டியிருக்கிறார். நில்லுங்கள்! நான் சொன்னது 30க்கு. மதர் டிங்சர் என்று புட்டியில் விற்கிறார்களே, அது கரைக்கப்படாத நிஜச் சாறு. அதைத் தண்ணீரில் சொட்டுக் கணக்கில் கலந்து காலை மாலை குடிக்கச் சொல்லி எங்கள் ஊரில் ஒரு கடைக்காரர் என் சித்தப்பாவிடம் விற்றிருக்கிறார். இதயத்துக்கு ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். புட்டியை நான் சாக்கடையில் ஊற்றினேன். சித்தப்பா அரை நாள் பேசவில்லை.

25 ஜூன்

தலை எண்ணெய்: ஆர்னிகா முடி வளர்க்கிறது என்று காட்டிய உருப்படியான மனித ஆய்வை நான் பார்த்ததில்லை. ஐரோப்பாவில் எந்தப் பாட்டியும் இதை முடிக்குத் தடவச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. மசாஜ் சுகத்துக்குத் தேங்காய் எண்ணெய் போதும், விலையும் குறைவு.

2 ஜூலை

ஞாயிறன்று வோஜ் மலையில் மார்க்ஸ்டைன் வரை போய் வந்தோம். சுமார் 1,200 மீட்டர் உயரம். சரிவு முழுக்க மஞ்சள். பறிப்பவர்கள் குனிந்து குனிந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய மருந்து நிறுவனங்களுக்குப் பெரிய அளவில் காட்டு ஆர்னிகா தந்து வந்த இடங்களில் இது ஒன்று. 2007இல் கிராம நிர்வாகங்கள், விவசாயிகள், பறிப்பவர்கள், மருந்து நிறுவனங்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் புல்வெளியில் சுண்ணாம்பு கொட்டக் கூடாது, உரம் போடக் கூடாது, பறிப்பதற்கும் கட்டுப்பாடு.

ஒரு வேடிக்கை: ஜெல்லுக்குப் பூ மட்டும் போதும், வேரும் அடியிலைகளும் மண்ணிலேயே இருக்கும், அடுத்த வருஷம் மறுபடி பூக்கும். ஹோமியோபதிக்கு முழுச் செடியும் போகிறது. கடைசியில் ஒன்றுமே மிஞ்சாத மருந்துக்கு வேரோடு, மிஞ்சுகிற மருந்துக்குப் பூவோடு.

ருமேனியாவின் அபுசேனி மலையில் கர்தா தெ சூஸ் என்ற ஊரில் இன்னொரு விதமாகச் செய்தார்கள். பச்சைப் பூவை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த குடும்பங்களைச் சேர்த்து, 2004க்குப் பிறகு அங்கேயே உலர்த்தும் கூடம் வைத்து, காய்ந்த பூவாக விற்க வழி செய்தார்கள். கையில் காசு கூடினால் புல்வெளியை உழுது உரம் போட்டுக் கெடுக்கத் தோன்றாது என்பது கணக்கு. நல்ல கணக்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தச் செடிக்கு எதிரி பறிப்பவர் மட்டும் இல்லை. மாடு மேய்ப்பதை நிறுத்தினால் புதர் மூடிச் சாகும். உரம் போட்டால் மற்ற புல் ஓங்கி, தரையோடு கிடக்கும் இதன் இலைகளை மறைத்துச் சாகும். விதை தூரம் பறக்காது, மண்ணில் நீண்ட நாள் உயிரோடும் இருக்காது. தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, பக்கத்தில் வேறொரு செடி வேண்டும். ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் காட்டில் பறித்தால் அபராதம். நான் ஒன்றையும் தொடவில்லை. படம் மட்டும்.

3 ஜூலை

பூவுக்குள் புழு இருந்ததா என்று கேட்டவருக்கு (சரியான ஆள் நீங்கள்): இருக்கும். ஆர்னிகா ஈ என்று ஒன்று பூவின் அடித்தட்டில் முட்டையிடும். அதனால்தான் பழைய மருந்துக்கடைகளில் அடித்தட்டை நீக்கி, இதழ்களை மட்டும் உதிர்த்த சரக்கைத் தனி ரகமாக விற்றார்கள்.

7 ஜூலை

டியூப் வாங்கும்போது பார்க்க வேண்டியது: பின்பக்கம் ஆர்னிகா மொன்டானா என்று இருக்க வேண்டும். மெக்ஸிகோவில் ஆர்னிகா என்று விற்பது ஹெட்டெரோதிகா என்ற வேறு செடி, அது சந்தையில் கலந்து வருகிறது. வட அமெரிக்காவின் ஆர்னிகா சமிசோனிஸ் சொந்தக்காரச் செடி, ஜெர்மன் தரநூலே அதை ஏற்றுக்கொண்டிருந்தது, அது பரவாயில்லை. "30", "200" என்று எண் போட்ட கிரீம் என்றால் ஜெல் ஆய்வுகளை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். கண், வாய், திறந்த புண் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

9 ஜூலை

கேள்வி கேட்ட திருப்பூர்த் தம்பி திரும்ப வந்திருக்கிறார். அம்மாவுக்குப் பார்த்தீனியம் ஆகாதாம். வருஷா வருஷம் கழுத்தில் வருமாம். தலை எண்ணெய் தேய்த்த நாளிலிருந்து நெற்றியோரம் அரிப்பு என்றும், பொடுகு என்று நினைத்தோம் என்றும் எழுதியிருக்கிறார்.

எண்ணெயை இன்றைக்கே நிறுத்துங்கள். அந்த எண்ணெயில் ஆர்னிகா எவ்வளவு என்று தெரியாது, வாசனைப் பொருளால்கூட இருக்கலாம். அதனால் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள், பார்த்தீனியம் விஷயத்தையும் சொல்லுங்கள். ஜெல்லை அம்மா தொட வேண்டாம். அவருக்கு மூட்டு வலி இருந்தால் டைக்ளோஃபெனாக் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் இளக்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதையும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். டியூபை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், உங்களுக்கு அரிப்பு வராத பட்சத்தில்.